இளவரசி வந்த நாளின் படம்

டெல்வின் வங்கிக்கு இளவரசி வந்துபோனதைப் பெரிய படமாக வரைந்து தர முடியுமா என்று கேட்க வங்கியின் செயலாளர் நேரிலேயே படியேறி வந்தார். ஹில்டா ரோவன் அப்போது விரல்களில் இருந்த நீல வண்ணத்தை டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். யார் வந்து எதைக் கேட்டாலும் "யோசிச்சு சொல்றேன்" என்பதுதான் அவள் வழக்கம். அன்று யோசிக்கவில்லை.

"வரையறேன்" என்றாள்.

"கூலி பத்தி…"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். சேர்மன் படத்துல இருப்பாரில்ல?"

"அவர் இல்லாமலா? இளவரசிக்குப் பக்கத்துலயே நிக்கறாரு. சர் ஆப்ரி உங்க முன்னாடி வந்து உக்காரவும் தயாரா இருக்காரு."

செயலாளர் இறங்கிப் போனதும் ஹில்டா சன்னலருகே போய் நின்றாள். கீழே சேணம் தைக்கும் கடை. அதற்கு அப்பால் வைல் காப் தெரு சரிந்து ஆற்றுப் பாலம் வரை இறங்கியது. பதினாறு வருடமாக அந்த மனிதரை அவள் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறாள். மலர்க் கண்காட்சியில் பரிசு கொடுப்பார். போரில் இறந்தவர்களின் நினைவு நாளன்று மார்பில் பதக்கத்தோடு ஊர்வலத்தின் முன்னால் நடப்பார். ஷ்ரூஸ்பரி ஊரில் அவரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்கிறவர் கிடையாது. இப்போது அவரே வந்து அவள் முன்னால் அசையாமல் உட்காரப் போகிறார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அந்த முகத்தைப் பார்க்கலாம். அதற்கு மேல் அவளிடம் அப்போது எந்தத் திட்டமும் இல்லை.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். லென் பெடோஸ். பெடோஸ் அவள் பிறந்த வீட்டுப் பெயர். ஒரு நிமிடம் ஓர் இடத்தில் இருக்கமாட்டான். அவள் ஓவியப் பள்ளியில் படித்த காலத்தில் மாடலுக்குக் கொடுக்கக் காசில்லாமல் அவனைப் பிடித்து உட்காரவைப்பாள். ஆப்பிளைக் கடித்துக்கொண்டே "மூக்க நேரா போட்டுடு, உனக்குப் புண்ணியமா போகும்" என்பான். பள்ளிக்கூடத்துக் கால்பந்தில் உடைந்த மூக்கு, இடது பக்கமாக வளைந்திருக்கும். அவள் ஒருநாளும் நேராகப் போட்டதில்லை.

நாற்பதாம் வருடம் மே மாதம் பிரான்சில் பட்டாளம் பின்வாங்கியபோது லென் காணாமல் போனான். காணவில்லை என்று வந்த தந்தியை அவள் அம்மா, மகன் எங்கோ பிழைத்திருக்கிறான் என்றுதான் படித்துக்கொண்டாள். அப்படிப் படித்துக்கொண்டே செத்தும் போனாள். போர் முடிந்து சிறை முகாமிலிருந்து திரும்பிய, லென்னோடு பட்டாளத்தில் இருந்த பெர்ஸி டக்கெட் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹில்டாவின் வீட்டுக்கு வந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். கொடுத்த தேநீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்காமலே பேசினான்.

"கால்வாய் ஓரமா ஒரு பண்ணை வீடு. எங்க அஞ்சு பேரையும் அங்க நிறுத்திட்டு, பாலத்தப் பாத்துக்கங்கடான்னாரு மேஜர். ஒரே ஒரு லாரிதான் மிச்சம். அதுல அவரு ஏறிட்டாரு. எடம் இல்லாம இல்ல ஹில்டா. ஆபீசருங்க சாப்பிடற வெள்ளிச் சாமான் பெட்டி பெட்டியா ஏத்தியிருந்துச்சு. லாரிய திருப்பி அனுப்பறேன்னாரு. லென்தான் பின்னாடியே ஓடினான். 'எப்ப சார் வரும்?'னு கேட்டான். 'இருட்டறதுக்குள்ள வந்துரும் தம்பி'ன்னாரு. அவன் மூஞ்சியப் பாத்து சொன்னாரு. மூஞ்சியப் பாத்து."

"வந்துச்சா?"

"எங்க வந்துச்சு? மறுநாள் காலைல ஜெர்மன்காரன்தான் வந்தான். ஹாட்னெட், ப்ரைஸ், மேடாக், லென். நாலு பேரும் அந்த வாசல்லயே போயிட்டாங்க. நான் மட்டும் கிணத்தடியில கிடந்தேன்."

அந்த மேஜர்தான் சர் ஆப்ரி டெல்வின். பின்வாங்கியதில் காட்டிய திறமைக்குத்தான் அந்தப் பதக்கம். பெர்ஸி அடுத்த குளிர்காலத்தைத் தாண்டவில்லை. அதற்குப் பிறகு இந்த விஷயம் தெரிந்தவள் ஊரில் ஹில்டா ஒருத்திதான். யாரிடம் போய்ச் சொல்வது? பதக்கம் வாங்கியவரின் பேச்சுக்கும் வாடகை அறையில் படம் போடுகிற பெண்ணின் பேச்சுக்கும் நடுவே ஊர் எதை நம்பும் என்று அவளுக்குத் தெரியாதா?

சர் ஆப்ரி சொன்ன நாளில் வந்தார். கை நிறையப் பேரிக்காய் கொண்டுவந்திருந்தார், தன் தோட்டத்துக் காய் என்று. மாடிப்படி செங்குத்தாக இருந்ததை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நாற்காலியில் எப்படி உட்கார வேண்டும் என்று அவளையே கேட்டார். வெள்ளை மீசை, சிவந்த கன்னம், பேசும்போது கண்ணோரம் சுருங்கும். வெறுக்கச் சிரமமான முகம். அதுவே ஹில்டாவுக்கு எரிச்சலாக இருந்தது. அயோக்கியன் என்றால் அயோக்கியன் மாதிரி இருந்து தொலைத்தால் என்ன?

மூன்று முறை வந்தார். முதல் இரண்டு முறையும் ரோஜாச் செடிக்கு வரும் பூச்சியைப் பற்றிப் பேசினார். அவள் வரைந்தாள். காது, தாடை, கழுத்து மடிப்பு. மூன்றாம் முறை அவளே பேச்சைத் திருப்பினாள்.

"பிரான்சுல இருந்தீங்களாமே, ஐயா."

"இருந்தேன். நாற்பதுல. அதப் பத்தி யார் இப்ப பேசறாங்க?"

"ரொம்ப கஷ்டமா இருந்திருக்கும்."

"கஷ்டம்தான். ஆனா ஒண்ணு சொல்றேன் மிசஸ் ரோவன். நான் ராத்திரி நிம்மதியா தூங்கறேன்னா அதுக்கு ஒரே காரணம்தான். என் பசங்க அத்தன பேரையும் கூட்டிட்டு வந்து சேத்தேன். ஒருத்தன விடல. எத்தன பேரால அப்படி சொல்ல முடியும்?"

ஹில்டாவின் கையிலிருந்த கரித்துண்டு நின்றது. அவர் பொய் சொல்லும் முகத்தைத்தான் அவள் எதிர்பார்த்திருந்தாள். அங்கே பொய் இல்லை. சொல்லிச் சொல்லி அவருக்கே அது உண்மையாகிவிட்டிருந்தது. ஐந்து பேரை அவர் மறைக்கவில்லை, மறந்தே போயிருந்தார். இத்தனை வருடமாக அவர் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்.

"தலைய கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க, ஐயா" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

அன்றைக்கு அவர் போனபின் பேரிக்காயை எல்லாம் குப்பையில் கொட்டினாள். தம்பியின் பழைய கோட்டோவியங்களை அலமாரியின் மேல்தட்டிலிருந்து இறக்கினாள்.

படத்தின் அமைப்பு ஏற்கெனவே முடிவாகியிருந்தது. வங்கிக்கூடத்தின் நடுவே இளவரசி, வெளிர்நீல உடையில். அவர் பக்கத்தில் சர் ஆப்ரி, படத்தைப் பார்ப்பவர்களை நோக்கி முகம் காட்டியபடி. பின்னால் ஊழியர்கள் வரிசையாக. ஊழியர்களை வரைய ஹில்டா ஒருநாள் வங்கிக்கே போய் வந்திருந்தாள். அன்று ஒரு காசாளர் காய்ச்சலில் படுத்திருந்தார். இளவரசி வந்த அன்று எடுத்த செய்தித்தாள் புகைப்படத்திலும் அவர் முகம் அசைந்து கலங்கிப் போயிருந்தது. அதனால் சேர்மனின் இடது தோளுக்குப் பின்னால் படத்துணியில் ஓர் ஆள் அளவுக்கு இடம் காலியாகவே இருந்தது. பிறகு யாரையாவது கேட்டு நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். அந்தக் காசாளர் யார், அவர் பெயர் என்ன என்று அவள் விசாரித்ததில்லை. இனி விசாரிக்கவும் தேவை இல்லை.

அந்த இடத்தில் லென்னை நிறுத்தினாள். கருப்புக் கோட்டு, விறைத்த கழுத்துப்பட்டை, சீவி ஒதுக்கிய தலை. இருபத்திரண்டு வயது. மூக்கு இடது பக்கம் வளைந்திருந்தது. மற்ற எல்லோரும் இளவரசியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் சேர்மனையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாக இல்லை. கோபமாக வரைந்தால் கெட்டுப்போகும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிறவன் எப்படிப் பார்ப்பானோ அப்படி. இளவரசியின் முகத்துக்குச் செலவிட்டதைவிட அந்த முகத்துக்கு அவள் செலவிட்ட நாள் அதிகம். முடித்த அன்று தூரிகையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து அதையே பார்த்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வந்ததோ பசி. இரண்டு முட்டையும் பன்றி இறைச்சியும் வறுத்துத் தின்றாள்.

திறப்பு விழாவுக்கு மேயர் வந்தார், சுற்றுவட்டாரத்துப் பெரிய மனிதர்கள் எல்லோரும் வந்தார்கள். சர் ஆப்ரியே கயிற்றை இழுத்துத் திரையை விலக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் சற்றுப் பின்னால் நகர்ந்து, சிரித்த முகத்தோடு படத்தை ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். இளவரசியைப் பார்த்தார். தன்னைப் பார்த்தார், திருப்தியாகத் தலையசைத்தார். பிறகு பார்வை அவர் தோளுக்குப் பின்னால் போனது.

ஹில்டா படத்தைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கையில் இருந்த மதுக் கோப்பையைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டு இரண்டடி முன்னால் போனார். மேயரின் மனைவி ஏதோ கேட்டதற்குப் பதில் சொன்னார். ஆனால் கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் போலிருந்தது, அந்த அம்மாள் விழித்தாள். சிவந்த கன்னத்தில் சிவப்பு அப்படியே இருக்க, அதைச் சுற்றி முகம் மெழுகு நிறத்துக்குப் போயிருந்தது. கடைசியில் ஹில்டா இருந்த மூலைக்கு வந்தார்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு, மிசஸ் ரோவன்."

"சந்தோஷம், ஐயா."

"அந்தப் பையன் யாரு?"

"எந்தப் பையன்?"

"எனக்குப் பின்னாடி நிக்கறவன்."

"உங்க ஆள்தானே, ஐயா" என்றாள் ஹில்டா.

அவர் அவளையே பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்து, சுற்றிலும் ஆட்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அன்று வீடு திரும்பி ஹில்டா பட்டாளம் பின்வாங்கிய வருடத்திலிருந்து தூங்காத தூக்கத்தைத் தூங்கினாள். இனி அவர் தூங்கமாட்டார் என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. படத்தைக் கழற்றச் சொல்ல முடியாது. ஏன் என்று கேட்பார்கள். முகத்தை மாற்றச் சொல்ல முடியாது. அதற்கும் ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கூடத்தைக் கடக்காமல் அவர் தன் அறைக்குப் போகவும் முடியாது. தினம் காலையும் மாலையும் அவன் கேட்டபடி நிற்பான்.

ஒரு மாதம் அவள் வாழ்க்கை தித்திப்பாகத்தான் போனது.

பிறகு ஒரு மத்தியானம் கதவைத் தட்டிக்கொண்டு ஓர் ஆள் வந்தார். ஐம்பது வயது இருக்கும். தலை வழுக்கை, கையில் மடித்த குடை, மடிப்புக் கலையாத கால்சட்டை. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"என் பேரு ஓக்லி. சிரில் ஓக்லி. டெல்வின் வங்கியில தலைமைக் காசாளர்."

"சொல்லுங்க, மிஸ்டர் ஓக்லி."

"நான் எங்கம்மா?"

"புரியல."

"படத்துல. எல்லாரும் இருக்காங்க. கதவு திறந்து விடற கிழவன் இருக்கான். கூட்டிப் பெருக்கற பொம்பள கூட ஓரமா எட்டிப் பாக்கறா. நான் எங்க?"

ஹில்டாவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காய்ச்சலில் படுத்திருந்த காசாளர்.

"சேர்மனுக்குப் பின்னாடி நின்னது நான். அங்க எவனோ ஒரு சின்னப் பையன போட்டிருக்கீங்க. எங்க வங்கியில அந்த மாதிரி மூக்கோட ஒரு பையன் கிடையாது. என் சம்சாரத்தோட ஜனமெல்லாம் ரெக்ஸம்லேர்ந்து ரயிலேறி வந்தாங்க, திறப்பு விழாவுக்கு. கடன் வாங்கின தொப்பிய போட்டுக்கிட்டு அவ அம்மா அந்தப் படத்த மேலயும் கீழயும் தேடறா. 'உன் புருஷன் எங்கடி எனிட்'னு கேக்கறா. எனக்கு நாக்கப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு."

"மன்னிச்சுக்கங்க. அன்னைக்கு நீங்க லீவுல…"

"லீவுன்னா ஆள் அனுப்பி கூப்பிட்டிருக்கலாமே? நான் என்ன லண்டன்லயா இருக்கேன்? அந்தக் கூட்டத்துலயே இளவரசி பேசினது என் ஒருத்தன்கிட்டதான் அம்மா. 'வாசல் காத்து உங்க மேல அடிக்குமே, குளிரலையா?'ன்னு கேட்டாங்க. 'பழகிப்போச்சு அம்மணி'ன்னேன். சிரிச்சாங்க. எனக்கு அது ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டீங்க."

அவர் குரலை இறக்கினார்.

"சேர்மன்கிட்ட போய் சொன்னேன். முப்பது வருஷத்துல முதல் தடவையா என்னை உக்காரச் சொன்னாரு. 'ரொம்ப சரி ஓக்லி, அநியாயம் நடந்துபோச்சு. அந்தப் பையன எடுத்துட்டு உங்கள போடணும். நீங்களே அந்த அம்மாகிட்ட போய் சொல்லுங்க'ன்னாரு. பாவம், அவருக்கும் உடம்பு சரியில்ல. இப்பல்லாம் பின்கட்டு வழியா, நிலக்கரி போடற முற்றத்து வழியாத்தான் உள்ள வர்றாரு."

நிலக்கரி முற்றத்து வழியாக வருகிறார் என்று கேட்டதில் ஹில்டாவுக்கு ஒரு கணம் நாக்கில் தேன் பட்டது. அடுத்த கணம் சேர்மன் செய்திருக்கும் காரியம் புரிந்தது. முகத்தை மாற்றச் சொல்ல அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அது கிடைத்துவிட்டது. குடையைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நிற்கிறது. அதைக் கையில் எடுத்துக் கொடுத்தவளும் அவளேதான்.

"முடியாது" என்றாள்.

"ஏம்மா முடியாது?"

"அவரையே வரச் சொல்லுங்க. நீங்களும் இருங்க. சனிக்கிழமை வங்கி மூடினதும் நான் பெயின்டோட வர்றேன். எந்த முகத்த எடுக்கணும்னு அவரே என்கிட்ட சொல்லட்டும்."

சனிக்கிழமை மத்தியானம் கூடத்தில் மூன்று பேரும்தான் இருந்தார்கள். தரை கழுவி ஈரம் காயாமல் இருந்தது. ஓக்லி ஏணியைக் கொண்டுவந்து சாய்த்துவிட்டு ஒதுங்கி நின்றார். அவருக்குப் புதுக் கழுத்துப்பட்டை, மழமழவென்று சவரம் செய்த முகம், வரையப்படுவதற்குத் தயாராக. சர் ஆப்ரி இளைத்திருந்தார். படத்துக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"மிஸ்டர் ஓக்லிக்கு ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றார். "அத சரி பண்ணிடுவோம் மிசஸ் ரோவன். அந்தப் பையன எடுத்துட்டா போதும்."

"எடுக்கறேன். ஒரே ஒரு விஷயம். அவன் யாருன்னு சொல்லுங்க."

"எனக்கெப்படி தெரியும்? நீங்க வரஞ்சது."

"தெரியாத ஆளப் பாத்தா நிலக்கரி முற்றத்து வழியா வருவாங்களா, ஐயா?"

ஓக்லி நிமிர்ந்தார். சர் ஆப்ரி அவரைத் திரும்பிப் பார்த்தார், வெளியே போகச் சொல்ல நினைத்தவர் போல. ஓக்லி நகரவில்லை. தன் இடத்துக்காக வந்தவர், அதை வாங்காமல் போகிற உத்தேசம் அவருக்கு இல்லை.

"அவன் பேரச் சொல்லுங்க" என்றாள் ஹில்டா. "பேரச் சொன்ன நிமிஷமே ஏணியில ஏறி அழிச்சுடறேன். என் கையாலயே."

அவர் மெல்லத் திரும்பிப் படத்தைப் பார்த்தார்.

"லாரிக்குப் பின்னாடி ஓடி வந்தான்" என்றார். "எப்ப வரும்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இருட்டறதுக்குள்ளன்னு."

"பேரு?"

அவர் உதடு அசைந்தது. "ஹாட்னெட்" என்றார்.

"இல்ல. அவனுக்கு ரெண்டு குழந்தைங்க."

"ப்ரைஸ்."

"இல்ல."

அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது. "மேடாக். மேடாக்தானே?"

"மேடாக்குக்கு செம்பட்ட முடி. அவன் அம்மா இன்னும் கோல்ஹாம்ல இருக்காங்க. வாசல்ல விளக்கு ஏத்தி வச்சுட்டுத்தான் படுக்கறாங்க."

அவர் இன்னும் ஒரு பெயருக்காக வாயைத் திறந்தபடி நின்றார். வரவில்லை. தேடுவது முகத்தில் தெரிந்தது, இருட்டறையில் கை நீட்டித் தடவுகிறவர் போல. அந்த முகத்தை அவர் மறக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு பெயர் இருந்ததை அவர் ஒருபோதும் தெரிந்து வைத்துக்கொள்ளவில்லை. ஹில்டா இதற்குத் தயாராக வந்திருக்கவில்லை. பெயரைச் சொல்லிவிடுவார், தம்பியை அழிக்க வேண்டியிருக்கும் என்று பயந்துகொண்டேதான் வந்திருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வருவது போல இருந்தது, ஆனால் அது சிரிப்பு இல்லை.

"அப்ப அவன் அங்கதான் நிப்பான்" என்றாள்.

ஓக்லி தொண்டையைச் செருமினார்.

"நடந்தது எனக்கு முழுசா விளங்கல" என்றார். "விளங்கின வரைக்கும் போதும். ஆனா என் வழக்கு தனி. இவங்க சண்டைக்கு என் எடம்தான் கிடைச்சுதான்னு நான் கேக்கணுமா வேண்டாமா?"

"கேக்கணும், மிஸ்டர் ஓக்லி. நான் பண்ணது தப்பு."

"அப்படின்னா ஒண்ணு சொல்றேன். இளவரசி என்கிட்ட பேசினப்ப நான் பின்னாடி நிக்கல. மரியாதைக்கு ஓர் அடி முன்னாடி வந்தேன். ஐயாதான் எனக்குப் பின்னாடி நின்னாரு. என் தோள் அவர மறச்சுது. ஐயாவே அப்புறமா என்னை அதுக்குத் திட்டினாரு."

ஹில்டா சர் ஆப்ரியைப் பார்த்தாள். "அப்படியா, ஐயா?"

அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆமா" என்றார்.

"அப்ப நடந்தத நடந்தபடி வரஞ்சுடலாமா?"

"உங்க இஷ்டம்" என்றார் அவர். குரலில் எதுவும் இல்லை.

அன்று பிற்பகலும் அடுத்த இரண்டு சனிக்கிழமைகளும் அவள் ஏணியில் நின்று வேலை செய்தாள். ஓக்லி கீழே குடையை ஊன்றிக்கொண்டு, இளவரசி சொன்னதையும் தான் சொன்னதையும் சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றார். சேர்மனின் மார்பில் இருந்த பதக்கத்தின் மேல் ஓக்லியின் தோள் வந்தது. சேர்மனின் பாதி முகத்தின் மேல் ஓக்லியின் வழுக்கைத் தலை வந்தது. மிச்சம் ஒரு கண்ணும் மீசையின் ஒரு நுனியும். அந்தக் கண்ணுக்குப் பின்னால் லென் முன்போலவே நின்றான். எனிட்டின் அம்மா மறுபடி ரெக்ஸமிலிருந்து வந்து பார்த்துவிட்டு, மருமகனுக்குக் காது கொஞ்சம் பெரிதாகிவிட்டது என்று சொன்னாளாம்.

முதல் சனிக்கிழமை ஹில்டா பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பியபோது சர் ஆப்ரி வாசல் வரை கூடவே வந்தார். கதவில் கை வைத்துத் திறக்காமல் நின்றார்.

"உங்க உறவா?"

"தம்பி."

"அவன் பேர மட்டும் சொல்லுங்க, மிசஸ் ரோவன். கேட்டுக்கறேன். வேற எதுவும் கேக்கல."

பதினாறு வருடம் அவள் அந்தப் பெயரை அந்த மனிதரின் முகத்தில் எறிய ஆசைப்பட்டிருக்கிறாள். இப்போது அவர் கையேந்தி நிற்கும்போது கொடுக்க மனம் வரவில்லை.

"மாட்டேன்" என்றாள். "போர்ல போனவங்க பேரெல்லாம் தேவாலய முற்றத்துல கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. நீங்கதான் திறந்து வச்சீங்க. அதுல தேடிக்கங்க."

"அதுல எவ்வளவோ பேர் இருக்கே."

"இருக்கு. ஊர்ல யாரையாவது கேட்டா சொல்லிடுவாங்க. எதுக்குக் கேக்கறீங்கன்னு அவங்க திருப்பிக் கேட்டா என்ன சொல்றதுன்னு யோசிச்சு வச்சுக்கங்க."

அவரே கதவைத் திறந்துவிட்டார். அவள் போகும்போது தொப்பியைத் தூக்கினார், பழக்கதோஷத்தில்.

வசந்தத்தில் சர் ஆப்ரி உடல்நிலையைக் காட்டி வங்கிப் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த வருடம் நினைவு நாள் ஊர்வலத்தில் அவர் நடக்கவில்லை. ஆனால் வாரத்தில் பல நாள் தேவாலய முற்றத்தில் அவரைப் பார்க்கலாம் என்று ஊரில் பேச்சு. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கல்லுக்கு முன்னால் மணிக்கணக்காக நிற்கிறாராம். செத்துப்போன பையன்களை இந்தக் காலத்தில் இப்படி யார் நினைக்கிறார்கள் என்று கடைக்காரர்கள் நெகிழ்ந்து பேசினார்கள். இறைச்சிக்கடைக்காரன் ஹில்டாவிடமே சொன்னான். "பெரிய மனசு அவருக்கு" என்றான்.

ஹில்டாவும் ஒருநாள் பேருந்தில் போகும்போது பார்த்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் குடை கொண்டுவரவில்லை. முகத்தைக் கல்லுக்கு நெருக்கமாகக் கொண்டுபோய், ஒரு பெயரின் மேல் விரலை வைத்தார். சற்று நின்றார். உதடு அசைந்தது. தலையை ஆட்டிவிட்டு விரலை அடுத்த பெயருக்கு இறக்கினார். அவர் விரல் பெடோஸ் என்ற பெயரைத் தாண்டிவிட்டதா, இன்னும் வரவில்லையா என்று பேருந்திலிருந்து தெரியவில்லை.

"எறங்கறீங்களாம்மா?" என்று நடத்துனர் கேட்டான். அவள் இருக்கையிலிருந்து பாதி எழுந்திருந்தாள்.

"இல்ல" என்றாள் ஹில்டா. உட்கார்ந்துகொண்டு கையுறைகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டாள். பேருந்து திரும்பி மேட்டில் ஏறியது.